பெட்டியின் அடியில் கிடக்கும் பந்து

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அம்பாறைக் கரையோரத்தில் மென்பந்துக் கிரிக்கெட் ஆடாத ஊர் இல்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பிரதான வீதியோடு அடுத்தடுத்து வரும் முஸ்லிம் ஊர்களிலும், உள்ளே தள்ளியிருக்கும் சம்மாந்துறையிலும் விளையாட்டுக் கழகங்களுக்குக் குறைவில்லை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மைதானங்கள் காய்ந்ததும் சுற்றுப்போட்டிக் காலம் தொடங்கிவிடும். நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகை முடிந்த பின் மின்னொளியில் ஆட்டம் நடக்கும். பெருநாளை ஒட்டி இறுதிப்போட்டி வைத்தால் ஊரே திரளும்.

இந்தப் போட்டிகளின் சீருடைக்கு ஓர் அனுசரணையாளர் கிடைக்கிறார். வெற்றிக் கிண்ணத்துக்கு இன்னொருவர் கிடைக்கிறார். ஒலிபெருக்கிக்கும் பரிசளிப்பு மேடைக்கும் ஆள் கிடைக்கிறது. பந்து மட்டும் கடைசி இரண்டு நாளில் யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய், கண்ட கடையில், சொன்ன விலைக்கு வாங்கிவரும் பொருளாகவே இருந்துவருகிறது.

இது மாற வேண்டும். கரையோரக் கழகங்களும் பாடசாலைகளும் பந்தைத் தனித்தனியே வாங்குவதை விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றுசேர்ந்து மொத்தமாக வாங்க வேண்டும். ஆகக் குறைந்த விலை சொல்பவரைத் தேடிப் போகாமல், கெட்ட பந்தைத் திருப்பி எடுக்க எழுத்தில் சம்மதிப்பவரிடம் வாங்க வேண்டும். எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு ஊரின் பெயரோ கடையின் பெயரோ பதிலாகாது. இந்தச் சம்மதம்தான் பதில்.

முதலில் தேவையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 32 அணிகள் மோதும் நொக்அவுட் சுற்றுப்போட்டியில் 31 ஆட்டங்கள். இன்னிங்ஸ் ஒன்றுக்கு ஒரு புதுப் பந்து என்றால் 62 பந்துகள். மதிலுக்கு அப்பால் போனது, கிணற்றில் விழுந்தது, வெடித்தது என்று ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 75 பந்துகள், அதாவது ஆறு டசினுக்குச் சற்று மேல். பயிற்சிக்கான பந்து இதில் அடங்காது. இப்படிப் பத்துக் கழகங்கள் சேர்ந்தால் கொள்வனவு அறுபது டசினைத் தாண்டும். ஆறு டசின் வாங்க வருபவரைக் கடையில் வேலைபார்க்கும் பொடியன் கவனித்து அனுப்பிவிடுவான். அறுபது டசினுக்கு முதலாளியே எழுந்து வருவார்.

வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டிய அடிப்படை ஒன்றுண்டு. மென்பந்து ஆட்டத்துக்கென டெனிஸ் பந்து என்று கடையில் அடுக்கியிருப்பவை எல்லாம் ஒரே சாமான் அல்ல. டெனிஸ் ஆட்டத்துக்கென்று செய்யப்படும் பந்தின் உள்ளே அழுத்தமேற்றிய காற்று இருக்கிறது. அது 56 முதல் 59.4 கிராம் வரை நிறை கொண்டிருக்க வேண்டும், 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து கொங்கிரீட் தரையில் விட்டால் 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழும்ப வேண்டும் என்று சர்வதேச டெனிஸ் சம்மேளனம் வரையறுத்திருக்கிறது. அந்தப் பந்து மூடி இறுகிய டின்னில் வருவதற்குக் காரணம், டின்னுக்குள்ளும் அதே அழுத்தம் இருந்தால்தான் பந்தின் காற்று இறப்பர் வழியே கசியாமல் நிற்கும் என்பது. டின்னைத் திறந்த பின், ஆடினாலும் ஆடாவிட்டாலும், சில வாரங்களில் பந்து சோர்ந்துவிடும். ஆகவே ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வாங்கி வைக்க அழுத்தப் பந்து தோதானதல்ல. அழுத்தமில்லாத இன்னொரு வகையின் இறப்பர் ஓடு தடிப்பானது. அதன் துள்ளல் காற்றில் தங்கியிருக்கவில்லை. மொத்தக் கொள்வனவுக்கு உகந்தது அதுவே.

மென்பந்துக் கிரிக்கெட்டுக்கென்றே இந்தியத் தொழிற்சாலைகள் பந்து செய்கின்றன. கொஸ்கோ, நிவியா, விக்கி ஆகிய பெயர்கள் இங்குள்ள ஆட்டக்காரர்கள் பலருக்கும் தெரிந்தவை. பாரம் குறைந்த பந்து, பாரம் கூடிய பந்து என்று அவற்றில் இரு வகை உண்டு. சீமெந்து ஆடுகளத்தில் பாரமான பந்து சீறி வரும். மணற்பாங்கான திடலில் இலேசான பந்து நின்று வரும். ஒரே சுற்றுப்போட்டியில் முதல் வாரம் ஒரு வகையும் அடுத்த வாரம் மற்றதும் வந்தால், வேகப்பந்து வீச்சாளரை நம்பிய அணிக்கும் சுழலை நம்பிய அணிக்கும் ஒரே நீதி கிடைக்காது. முடிவெடுக்கும் ஆட்டத்தில் பந்து பாதியில் சப்பிப்போய், அதனால் எழுந்த வாக்குவாதம் மைதானத்துக்கு வெளியிலும் தொடர்ந்த கதைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. பந்து ஒரே மாதிரி இருந்தால் அந்தச் சச்சரவுகளில் பாதி எழவே எழாது.

கடினபந்துக்கு வந்தால் கவனிக்க வேண்டியவை இன்னும் கூடும். கிரிக்கெட் விதிகளின்படி ஆண்களுக்கான பந்தின் நிறை 155.9 முதல் 163 கிராம் வரை. பெண்களுக்கானது 140 முதல் 151 கிராம் வரை. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 133 முதல் 144 கிராம் வரையிலான சிறிய பந்து. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் பெரியவர்களின் பந்தைக் கொடுத்தால் விரல் பிடிமானம் தவறும். பிடியெடுக்கும்போது கை நோகும். சில நாளில் பந்தைக் கண்டாலே பயம் வந்துவிடும். பாடசாலைக் கொள்வனவுப் பட்டியலில் ‘கிரிக்கெட் பந்து, ஒரு டசின்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் கடைக்காரர் எதையும் கட்டிக் கொடுக்கலாம். எந்த வயதினருக்கு, எத்தனை கிராம், இரண்டு துண்டுத் தோலா நான்கு துண்டுத் தோலா என்று எழுதினால்தான் அது பட்டியல். இரண்டு கிண்ணங்களைப் பொருத்தியது போலத் தைத்த இரண்டு துண்டுப் பந்து மலிவு. வலைப் பயிற்சிக்குப் போதும். போட்டிக்கு நான்கு துண்டுப் பந்தே வேண்டும். தக்கை நடுவில் இருக்க, அதைச் சுற்றி நூல் இறுக்கிச் சுற்றப்பட்டு, மேலே தோல் தைக்கப்படுகிறது. அந்தச் சுற்று தளர்வாக இருந்தால் வெளித்தோல் எவ்வளவு பளபளத்தாலும் பத்தாவது ஓவரில் பந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

பெயர் பெற்ற தயாரிப்பாளர்களிடமும் ஒரு தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் தரம் மாறுவதுண்டு. 2025 ஜூலையில் லோர்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் இந்தியாவும் ஆடிய டெஸ்டில், புதிதாக எடுத்த டியூக்ஸ் பந்து பத்து ஓவர்களுக்குச் சற்று அதிகமாக வீசப்பட்ட நிலையிலேயே வடிவம் கெட்டு மாற்றப்பட்டது. 1760இலிருந்து வரும் பெயர் அது. அந்தத் தொடரில் எழுந்த முறைப்பாடுகளை அடுத்து, பயன்படுத்திய பந்துகளைத் திரும்பப் பெற்று ஆராய்வதாகத் தயாரிப்பாளர் அறிவிக்க நேர்ந்தது. முறைப்பாட்டைக் கேட்க ஆள் இருந்ததால்தான் அதுவும் நடந்தது. கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் பந்து சப்பிப்போனால் யாரிடம் சொல்வது? ‘விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று துண்டில் அச்சடித்த கடையிலா?

விலையின் பின்னணியையும் பார்க்க வேண்டும். 1876இல், பிரேசிலிலிருந்து எடுத்துவந்த விதைகளில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹா ஹேனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. ஆசியாவின் இறப்பர்ச் செய்கைக்கு அடியெடுத்துக் கொடுத்த நாடு இலங்கை. ஆனாலும் இந்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் விளையாட்டுப் பந்துகளில் பெரும்பகுதி கப்பலில் வருபவை. விம்பிள்டனுக்கான சிலேசெஞ்சர் பந்தைப் பற்றி பிரித்தானியாவின் வோரிக் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் கணக்கிட்டபோது, மலேசிய இறப்பரும் நியூசிலாந்துக் கம்பளியும் கிரேக்க சிலிக்காவும் பிலிப்பைன்ஸ் தொழிற்சாலையில் கூடிப் பந்தாகி இலண்டன் போய்ச் சேர்வதற்குள் மொத்தப் பயணம் 80,000 கிலோமீற்றரைத் தாண்டுகிறது என்று தெரியவந்தது. இப்படி அலைந்து வரும் பொருளின் விலை டொலரோடு ஏறும், டொலரோடு இறங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபாவை அண்டியிருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதே ஆண்டு தொடக்கத்தில் 8 சதவீதமாக இருந்த வற் வரி, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 சதவீதமானது. சுமை ஏறினால் தரத்தைக் குறைத்து விலையைப் பழையபடி காட்டும் வழியைச் சிலர் தேடுவார்கள். பெயர் அதே பெயர், பெட்டி அதே பெட்டி, உள்ளே ஓடு மெல்லியது. தனியாக அரை டசின் வாங்கும் கழகத்தால் இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது, கண்டுபிடித்தாலும் கேட்கவும் முடியாது.

இன்று கழகங்களுக்கு உள்ள வழிகள் நான்கு. ஒன்று, கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள உள்ளூர் விளையாட்டுப் பொருட் கடை. விலை சற்றுக் கூடும். ஆனால் கடைக்காரரின் முகம் தெரியும், வீடு தெரியும், வெள்ளிக்கிழமை ஜும்மாவில் அவரைக் காணலாம். இரண்டு, கொழும்பு புறக்கோட்டை. புடைவை வியாபாரிகள் இரவு பஸ் ஏறிப் போய் மூட்டையோடு திரும்பும் அதே பாதை. விலை குறையும், ஆனால் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் போய் வாங்கிய டசினில் நான்கு பந்து கெட்டிருந்தால், அந்த நான்குக்காக யாரும் மறுபடி பஸ் ஏறப் போவதில்லை. மூன்று, இணையக் கடை. படத்தில் காணும் பந்தும் பொதியில் வரும் பந்தும் ஒன்றா என்பது பிரித்த பின்தான் தெரியும். ஒன்றிரண்டு வாங்கிப் பார்க்க அது நல்ல வழி. அறுபது டசினுக்கு அல்ல. நான்கு, கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ விடுமுறைக்கு வருபவரிடம் சொல்லிவிடுவது. அன்பினால் நடக்கும் காரியம் அது. ஆனால் பயணப்பொதியின் நிறைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் இரண்டு டசினை நம்பி ஒரு பருவகாலத்தைத் திட்டமிட முடியாது.

ஆடிய பந்தை மலிவாக வாங்கலாமே என்ற யோசனையும் வரும். கோல்ஃப் விளையாட்டில் அது பெரிய வியாபாரமாகவே நடக்கிறது. மேற்கு நாடுகளில் மைதானக் குளங்களில் விழும் பந்துகளைச் சுழியோடிகள் இறங்கி அள்ளியெடுக்க, அவை கழுவப்பட்டு, கீறல் எவ்வளவு என்று தரம் பிரிக்கப்பட்டு, தரத்துக்கேற்ற விலையில் மொத்தமாக விற்பனையாகின்றன. அங்கே வாங்குபவர் ஏமாறாமல் இருப்பதற்குக் காரணம், பந்து பழையது என்பதும் எந்தத் தரம் என்பதும் பெட்டியில் எழுதியிருப்பதுதான். இங்கே பழைய சரக்கு அப்படி எழுதப்பட்டு வருவதில்லை. வெயிலில் இரண்டு ஆண்டு கிடந்த பந்தும் புதுப் பந்தோடு கலந்தே வருகிறது.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு சம்பவம் இக்கரையோரத்து ஜும்மா மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்துபோன நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். குவியலாகவும் பெட்டியாகவும் விற்கப்படும் எல்லாச் சரக்குக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ சட்டநூல்கள், வாங்கும்போது தெரியாதிருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை வாங்கியவருக்கு அளிக்கின்றன. மத்ரஸாவில் ஓதியவர்கள் அதைக் கியார் என்ற பெயரில் படித்திருப்பார்கள்.

நாட்டின் சட்டமும் இதற்குத் தூரமில்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் மாதிரி காட்டி விற்பதற்கு நிபந்தனை விதிக்கிறது: மொத்தச் சரக்கு மாதிரியின் தரத்தோடு ஒத்திருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. கையிலிருக்கும் இந்த உரிமைகளை விளையாட்டுக் கழகங்கள் எடுத்துப் பயன்படுத்தினால் போதும். மூன்று மாதிரிப் பந்துகளில் கடைக்காரரும் கழகச் செயலாளரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்றும் பொது ஆளிடம் ஒன்றுமாக வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பேச்சுக்கெல்லாம் அதுவே சாட்சி.

சரக்கைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. கல்முனையில் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. அங்குள்ள மின்தராசில் பந்தை வைத்தால் கிராம் கணக்கு உடனே வந்துவிடும். தையற்காரரின் நாடாவால் சுற்றளவை அளக்கலாம். சுவரில் கோடு போட்டு, ஒரே உயரத்திலிருந்து கொங்கிரீட் தரையில் பந்தை விட்டு, எழும்பும் உயரத்தைக் கைபேசியில் படமெடுக்கலாம். கிரிக்கெட்டுக்கென்று செய்த பந்து டெனிஸ் வரையறைக்குள் வர வேண்டியதில்லை. ஆனால் ஒரே பெட்டிப் பந்துகள் ஒன்றுக்கொன்று ஒத்த உயரம் எழும்ப வேண்டும். பெட்டியின் மேல் வரிசையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து இரண்டு, அடியிலிருந்து இரண்டு எடுத்துப் பார்ப்பது அவசியம். ஆறில் இரண்டு பிசகினால் அந்தப் பெட்டியை இறக்கவே விடக்கூடாது.

பாடசாலைகளுக்கு ஒரு தயக்கம் உண்டு. மூன்று விலைமனு எடுத்து ஆகக் குறைந்ததைத் தெரிந்தெடுத்தால்தான் கணக்காய்வில் கேள்வி வராது என்று அதிபர்கள் அஞ்சுகிறார்கள். அரச கொள்வனவு வழிகாட்டல்கள் சொல்வது அதுவல்ல. கேட்ட தேவைகளை நிறைவு செய்யும் மனுக்களை மதிப்பிட்டு, அவற்றுள் குறைந்ததைத் தெரிவு செய்யவே அவை சொல்கின்றன. நிறை, அளவு, தோல் துண்டு, திருப்பி எடுக்கும் கால எல்லை ஆகியவற்றைக் கோரிக்கையிலேயே எழுதிவிட்டால், மலிவான கழிவுச் சரக்கு விலை பார்க்கும் கட்டத்துக்கே வராது.

கூட்டாக வாங்குவதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் கேட்க வேண்டும். எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் வாங்கினால் தரகு உள்ளே புகும் என்பது முதலாவது. நியாயமான பயம். கணக்கை மூடிவைத்தால் எந்தக் கூட்டும் இப்படித்தான் கெடும். விலைமனுக்களையும் பற்றுச்சீட்டையும் சோதனைப் பெறுபேற்றையும் எல்லாக் கழகங்களின் வட்சப் குழுவிலும் போட்டுவிட்டால் மறைக்க இடமிருக்காது. ஒரே கடைக்கு வியாபாரம் போனால் மற்றக் கடைகள் நொந்துபோகும் என்பது இரண்டாவது. ஆண்டுதோறும் விலைமனு கோரினால் இவ்வாண்டு பெறாதவர் அடுத்த ஆண்டு பெறுவார். சிறிய கழகத்திடம் முற்பணம் இல்லை என்பது மூன்றாவது. இதுவே உண்மையான சிக்கல். சுற்றுப்போட்டி நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பந்து நிதிக்கென்று முதலிலேயே ஒதுக்கி, சரக்கை இரண்டு தவணையாக இறக்கினால் சமாளிக்கலாம். இந்நாட்டுக்குக் கூட்டுறவு புதிதல்ல. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. இரண்டாம் உலக யுத்தத் தட்டுப்பாட்டில் சங்கக்கடைகளே ஊர் ஊராக அரிசி பங்கிட்டன. அரிசியை அப்படிப் பங்கிட்ட ஊர்களுக்குப் பந்தைப் பங்கிடுவது முடியாத காரியமல்ல.

மென்பந்து ஆட்டத்துக்கு இத்தனை பாடு தேவையா என்று கேட்பவர்கள் லசித் மாலிங்கவை நினைத்துப் பார்க்கட்டும். காலிக்கு அருகே ரத்கம கடற்கரை மணலில் டெனிஸ் பந்து வீசி வளர்ந்தவர் அவர். உலகைத் திணறடித்த அந்தக் கையசைவு பயிற்சிக் கூடத்தில் பிறந்ததல்ல. இங்கும் மணல் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கும் பந்து இன்று ஒரு மாதிரியும் நாளை ஒரு மாதிரியும் எழும்பினால், எந்த வீச்சு கைகூடியது, எது பந்தின் கோளாறு என்று பிள்ளைக்கே தெரியாமல் போய்விடும்.

வாங்கிய பின் பாதுகாப்பதும் செலவைக் குறைக்கும். தகரக் கூரையின் கீழ் மதிய வெக்கையில் கிடந்தால் இறப்பர் இறுகும், மேலுறையை ஒட்டிய பசை விடும். கடற்காற்றின் ஈரத்தில் தோற்பந்து பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த பந்தைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் ஒரு வாரத்தில் கெடும். காற்றோட்டமுள்ள அலுமாரி, ஓட்டுக் கூரை அல்லது தட்டுக் கூரை உள்ள அறை, வாங்கிய மாதம் எழுதிய பெட்டி ஆகிய மூன்றும் போதும். முதலில் வந்த பெட்டி முதலில் வெளியே போக வேண்டும்.

நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருகிறது. 2026இல் பெப்ரவரி நடுப்பகுதியைத் தாண்டித் தொடங்கிய நோன்பு 2027இல் பெப்ரவரி முதற்பகுதியிலும் 2028இல் ஜனவரி பிற்பகுதியிலும் தொடங்கும். இரவுப் போட்டிகளுக்கான பந்து, மழை ஓய்வதற்கு முன்பே ஊருக்கு வந்துசேர வேண்டும் என்பதே இதன் பொருள். மைதானங்கள் நீரில் கிடக்கும் நவம்பரில் கழகச் செயலாளர்களுக்கு ஓய்வு இருக்கிறது. பிரதேச செயலகங்களின் விளையாட்டு உத்தியோகத்தர்கள் அந்த மாதத்தில் ஒரு கூட்டத்தை அழைத்து, தேவைப் பட்டியலைத் திரட்டி, நவம்பர் முடிவதற்குள் விலைமனு கோரினால், டிசம்பரில் மாதிரியைச் சோதித்து ஜனவரித் தொடக்கத்தில் முதல் தவணையை இறக்கிவிடலாம். முதல் ஆண்டு எல்லா ஊர்களும் சேர வேண்டுமென்பதில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய அடுத்தடுத்த ஐந்து ஊர்களின் கழகங்கள், தமிழ், முஸ்லிம் என்று பாராமல் இரண்டிரண்டாகச் சேர்ந்தாலே பத்து ஆகிவிடும். அறுபது டசினுக்கு அது போதும்.